ராமப்பன் வைத்த பொட்டு

லாரியைக் கிளப்பச் சுற்றிய ஹேண்டில் மூன்றாவது முறையும் திருப்பி அடித்தது. வெங்கடப்பன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் குந்திவிட்டான். என்ஜின் படாரென்று வெடித்து, கார்புரேட்டர் வழியாகப் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது. வாசலில் மேய்ந்த கோழிகள் மறுபடியும் வேலியோரம் ஓடின.

உள்ளே கட்டிலில் அவன் அண்ணன் ராமப்பன் காலை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மூன்று நாள் வலி. சூட்டு வலிதான் என்று வெந்தயமும் மோருமாகச் சமாளித்தவருக்கு இன்று விடியும்போது வயிறு பலகையாகக் கெட்டிப்பட்டுவிட்டது. உடனே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சொந்த லாரி வாசலிலேயே நிற்கிறது. கிளம்பத்தான் மாட்டேன் என்கிறது.

"நான் வண்டி பூட்டறன் வெங்கடப்பா," என்றார் பக்கத்து வீட்டுச் சென்றாயன். "சூளகிரி ரோட்டுக்குப் போயிட்டா பஸ்ஸ புடிச்சிடலாம்."

"மூணு மைலு கல்லு ரோட்டுல குலுக்கினா அண்ணன் தாங்குவாரா? இருங்க மாமா. இதோ ஆயிடுச்சு."

லாரிக்காரன் வாயிலிருந்து வரும் 'இதோ ஆயிடுச்சு'க்கு ஒரு கணக்கும் கிடையாது. ஏழு மணிக்குச் சொன்னான். எட்டரைக்குச் சொன்னான். இப்போது பத்தாகப் போகிறது. அவன் மனைவி காவேரி வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனாள்.

அது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய லாரி. இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு. போன வாரம் ஜூஜுவாடி தாண்டி மாங்காய் இறக்கிவிட்டு வரும்போது இழுவை குறைந்தது. ஒர்க் ஷாப்புக்கு எதற்கு என்று புதன்கிழமை ராமப்பனே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினார். எந்தப் பிளக்குக்கு எப்போது நெருப்பு போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற சாமான் அது. கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் என்ஜின் முறைத்துக்கொள்ளும். அதனால் கழற்றுமுன் அதன்மேல் ஒரு பொட்டு, அதற்கு நேராக என்ஜினில் ஒரு பொட்டு வைப்பார். சாக்பீஸ் எண்ணெயில் நிற்காது என்று குங்குமத்தைக் குழைத்து வைப்பது அவர் பழக்கம். திரும்பப் பூட்டும்போது இரண்டும் நேராக இருந்தால் தீர்ந்தது வேலை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் லாரிக்காரர்களிடம் ராமப்பன் வைத்த பொட்டு என்றால் மறுபேச்சில்லை.

தேய்ந்த பாகத்தை மாற்றிச் சாக்கின்மேல் வைத்தவர் அன்று சாயங்காலமே படுத்துவிட்டார். நேற்று வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வெங்கடப்பனே அதைப் பூட்டினான்.

"டைமிங்க பாருடா," என்று உள்ளேயிருந்து ராமப்பனின் குரல் வந்தது. "முன்னாடியே நெருப்பு போவுது. சத்தம் கேக்கல?"

"உன் பொட்டுக்கு நேராத்தாண்ணா வெச்சிருக்கன். மயிரிழை தப்பல."

தன் பொட்டை ராமப்பனுக்கும் சந்தேகப்படத் தெரியாது. வெங்கடப்பன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். பெட்ரோல் குழாயை வாய் வைத்து ஊதினான். ஒயர் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

தண்ணீர்ச் சொம்போடு நின்ற காவேரிக்கு அப்போதுதான் அது எந்தப் பொட்டு என்று தெரிந்தது.

நேற்றுக் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்தவள் சாக்கின்மேல் அந்தச் சாமானைப் பார்த்தாள். சோறு போடுகிற வண்டியின் சாமான், அதில் எண்ணெய் வழிந்து ஒரு சிவப்புத் தீற்றல். போன வாரத்துப் பூசைப் பொட்டு என்று நினைத்தாள். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, மஞ்சள் தடவி, நடுவாக அழகாக ஒரு பொட்டு வைத்தாள். பானெட் திறந்தே கிடந்தது. பம்பரில் ஏறி என்ஜினையும் துடைத்து அதற்கும் ஒன்று வைத்தாள். கற்பூரம் காட்டும்போது அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் என்றுதான் கும்பிட்டாள்.

இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆனால் வெங்கடப்பன் கையில் ஸ்பேனர் இருந்தது. அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அண்ணனுக்கு எமனாக வந்தவள் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால் காலத்துக்கும் போகாது. அவன் ஆறு பிளக்கையும் மறுபடி ஒருமுறை கழற்றி மாட்டி முடிக்கிறவரை அவள் அப்படியே நின்றாள். அவ்வளவு நேரம் நின்றாள்.

பிறகு உள்ளே போனாள். ராமப்பனின் மனைவி நஞ்சம்மா ஒத்தடத்துக்குத் தவிடு வறுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"மாமா, அது நீங்க வெச்ச பொட்டு இல்ல. பூசைக்குன்னு தொடச்சிட்டு நான் வேற வெச்சிட்டன்."

ராமப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்த வலியிலும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அதான பாத்தன். என் காது பொய் சொல்லாதே." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவன்கிட்ட இத சொல்லாதம்மா. முன்கோபி. நான்தான் தப்பா வெச்சிட்டன்னு சொல்லு. மொத பிளக்க கழட்டி, வெரல் வெச்சுப் பாத்து வெக்கச் சொல்லு."

அவள் அப்படியே போய்ச் சொன்னாள். வெங்கடப்பன் நம்பாமல் நிலைப்படி வரைக்கும் வந்தான்.

"நீயாண்ணா தப்பா வெச்ச?"

"வலியில கை தவறிடுச்சுடா. போ, சீக்கிரம்."

அவன் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்தான். சென்றாயன் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். உள்ளிருந்து காற்று விரலை முட்டித் தள்ளிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதற்குத் தக்கபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. காவேரி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

வைக்கோல் பரப்பி ராமப்பனைப் பின்னால் படுக்கவைத்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் அவர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, வெங்கடப்பன் ஓட்டினான். குருபரப்பள்ளி தாண்டியதும் அவர் தலை நஞ்சம்மாவின் மடியில் சாய்ந்தது. அவள் போட்ட கூச்சல் முன்னால் எட்டவில்லை. காவேரி கேபினைத் தட்டியதும் எட்டவில்லை. என்ஜின் ஒரு துடிப்புகூடத் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடப்பன் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினான்.

மறுநாள் காலையில் பந்தல் போட்டிருந்தது. லாரிக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். வெங்கடப்பன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அதையே சொன்னான்.

"ஒருநாளும் தப்பாத கை. கடைசி வேலையில தப்பா பொட்டு வெச்சிட்டாரு. அவரு பொட்டே அவரு உசுர வாங்கிடுச்சு."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். "ராமப்பனுக்கே தப்பிடுச்சா," என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். சடலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சம்மா ஒவ்வொரு தடவையும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஐந்தாவது தடவை காவேரியால் தாங்க முடியவில்லை. நஞ்சம்மாவின் காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். துடைத்ததைச் சொன்னாள். பேசாமல் நின்றதையும் சொன்னாள்.

நஞ்சம்மா கணவனின் நெற்றியில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. தான் வெச்சதா சொல்லச் சொன்னதே அவருதான்."

நஞ்சம்மா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பந்தலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அழுது அழுது கட்டிப்போன குரல்.

"தம்பி. உங்கண்ணன் பொட்டு தப்பா வெக்கல. இனி யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க."

வெங்கடப்பன் திரும்பினான்.

"பின்ன எப்படி அண்ணி? அண்ணனே சொன்னாரே. வேற யாரு தொட்டா?"

நஞ்சம்மா காவேரியின் பக்கம் திரும்பவில்லை. கணவனின் கால்விரல்களைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தபடி இருந்தாள்.

காவேரி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெங்கடப்பனை நோக்கி வாசலில் இறங்கினாள். பெஞ்சில் இருந்த ஆண்கள் காலை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள்.