முளைக்குச்சி நாய்

எட்டாவது குழியிலும் வெறும் மண்தான் வந்தது.

காஜா பெராங் சாலையின் கோடியில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு வீட்டு மனைகளாகக் கூறு போட்டிருந்த நிலம் அது. அங்கே கிணறு வெட்டப் போன சுப்பையன் ஐந்து நாளாக வீடு திரும்பவில்லை. அவன் மனைவி பாக்கியலட்சுமி நிறைமாத வயிற்றோடு போலீஸ் நிலைய வாசலில் உட்கார்ந்துகொண்டு, அந்த நிலத்தைத் தோண்டிப் பார்த்தால்தான் எழுந்திருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால்தான் நாயைக் கொண்டுவந்திருந்தார்கள்.

நாயின் பெயர் ரெக்ஸ். மண்ணுக்குள் கிடக்கும் பிணத்தை மோப்பம் பிடிக்கவென்றே மூன்று மாதம் பழக்கிய நாய். கயிற்றைப் பிடித்திருந்தவர் கான்ஸ்டபிள் சேதுபதி. ரெக்ஸ் ஓடும், ஓரிடத்தில் நிற்கும், உட்கார்ந்து சேதுபதியின் முகத்தைப் பார்க்கும். உடனே ஆட்கள் சங்கோல் மண்வெட்டியை ஓங்கி வெட்டுவார்கள். எட்டு முறை உட்கார்ந்தது. எட்டு முறையும் வேரும் கல்லும்தான்.

காண்டிராக்டர் நடராஜன் அடுக்கிவைத்த செங்கல்லின் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, சார்ஜன்? அவன் கெணறு வெட்ட ஆரம்பிக்கவே இல்ல, எவளையோ இழுத்துக்கிட்டு சிங்கப்பூருக்குப் போயிட்டான். சும்மா என் நெலத்தைக் கொத்திப் போட்டதுதான் மிச்சம்" என்றார்.

நாயையும் சேதுபதியையும் பழக்கிய சார்ஜன் ஜெயபாலனுக்கு எப்படியாவது அந்த வெயிலை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. அன்று சாயங்காலமே நான்கு போலீஸ்காரர்கள் பாக்கியலட்சுமியின் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சேதுபதியும் ஒருவர். ஜெயபாலன் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றாது. வாசலில் நின்றபடி, சந்து முழுக்கக் கேட்கும்படி, "நாயை விட்டுத் தேடியாச்சு. அங்க பொணம் ஒண்ணும் இல்ல. ஒம்புருஷன் ஓடிப்போயிட்டான். பைலை மூடியாச்சு" என்றார்.

பாக்கியலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் வாயைத் திறந்தார்கள். மறுநாள் அவள் பொட்டு வைத்திருந்தால், ஓடிப்போனவனுக்கு என்ன பொட்டு என்றார்கள். வைக்காமலிருந்தால், உயிரோடிருப்பவனை இவளே சாகடிக்கிறாளே என்றார்கள். ஒரு பெண்ணை எந்தப் பக்கமும் நிற்கவிடாமல் அடிப்பதற்கு இந்த ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

மூன்றாம் நாள் காலை சேதுபதி ரெக்ஸை நடத்திக்கொண்டு புல்வெளிப் பக்கம் போனார். அங்கே யாரோ ஆடு கட்ட ஒரு முளைக்குச்சி அடித்திருந்தார்கள். ஆடு இல்லை, குச்சி மட்டும் நின்றது. ரெக்ஸ் அதன் எதிரே போய் ஒழுங்காக உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக அவர் முகத்தைப் பார்த்தது.

சேதுபதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, பிஸ்கட்டுக்காகப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

பழக்கும்போது ஜெயபாலன் பாசாரிலிருந்து பன்றி இறைச்சி வாங்கிவந்து, அழுகவிட்டு, குழியில் புதைப்பார். பிறகு தேடி எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பக்கத்திலேயே ஒரு முளைக்குச்சி அடித்துவைப்பார். மூன்று மாதமும் அப்படித்தான். குச்சியருகே உட்கார்ந்தால் பிஸ்கட். அப்புறம் எந்த நாய்தான் மூக்கைக் கஷ்டப்படுத்திக்கொள்ளும்? அந்த மனை நிலத்திலோ எல்லை காட்டுவதற்கு அடிக்கொரு முளைக்குச்சி அடித்திருந்தார்கள். எட்டுக் குழியும் எட்டுக் குச்சியின் காலடியில்!

நாயை மட்டும் சொல்லி என்ன பயன்? குச்சி கண்ணில் பட்டதும் கயிற்றைத் தளர்த்தி, நடையை மெதுவாக்கியது யார்? அவரேதான். நாய்க்காவது ஐந்தறிவுதான், தனக்கு ஒரு மூளை இருந்ததே என்று சேதுபதி தன்னையே திட்டிக்கொண்டார்.

நேரே ஜெயபாலனிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஜெயபாலன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்ல. பண்டார் ஹிலிர் திடல்ல பெரிய ஆளுங்க முன்னால ரெக்ஸ் வேலை காட்டணும். இப்பப் போயி நாய்க்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"அந்தப் பொம்பளை கதி என்ன சார்ஜன்?"

"அவ கதிக்கு நான் என்னலா செய்றது? புருஷனை அவதானே கட்டிக்கிட்டா."

சேதுபதிக்குக் கை துறுதுறுத்தது. கன்னத்தில் ஒன்று விட்டால் வேலை போகும். வேலை போனால் நாயும் போகும். நாய் போனால் சுப்பையன் அந்த மண்ணிலேயே மக்கிப்போவான். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

உண்மையை அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பாக்கியலட்சுமியின் வீட்டுக்குப் போனார். அன்று விடியற்காலையில்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கொல்லைப்புறத்தில் மருத்துவச்சி சாரதாம்பாள் ஒரு மண்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆழமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் நஞ்சுக்கொடி. அருகே முள்ளும், ஒரு பெரிய கல்லும். நஞ்சுக்கொடியை நாய் தோண்டிவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பதால் அதன்மேல் முள்ளைப் போட்டுக் கல்லை வைத்து மூடுவது வழக்கம்.

சேதுபதி அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்றிக்கறி இல்லை. மனுஷ உடம்பு.

தயங்கித் தயங்கி அவர் கேட்டதும் சாரதாம்பாள் சங்கோலைத் தூக்கிவிட்டாள்.

"ஒனக்கு அறிவு இருக்கா, போலீஸ் மாத்தாக்காரரே? நாய் வாய் வைக்கக் கூடாதுன்னுதான் நான் இடுப்பு ஒடிய வெட்டிக்கிட்டு இருக்கேன். நீ நாய்க்கே குடுங்கிறியா? அப்பன் இல்லாத புள்ள. அதையும் வாரிக் குடுக்கணுமா?"

"வாய் வைக்க விடமாட்டேன் அக்கா. மனுஷ வாடையை மோந்து பழகினா போதும். அந்த நெலத்துல மூக்கை விட்டுட்டுக் குச்சியை நம்பித் தேடிட்டோம். தப்பு எங்க மேலதான்."

உள்ளேயிருந்து பாக்கியலட்சுமியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"குடுத்துரு அக்கா."

"ஏ, புத்தி கெட்டவளே! புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அப்பன் ஓடிப்போனவன்னு ஊரு சொல்லச் சொல்லக் கேட்டு வளர்றதைவிட இந்தப் புள்ளைக்கு வேற என்ன ஆயிடும்? குடுத்துரு."

சாரதாம்பாள் அழுதுகொண்டே கொடுத்தாள். பாதியை முறைப்படி புதைத்துக் கல்லை வைத்தாள். மீதியைத் துண்டுகளாக்கித் துணியில் சுற்றி, தினமும் தானே கொண்டுபோய் வேறு வேறு இடத்தில் மறைத்துவைத்தாள். எங்கே என்று சேதுபதியிடம் சொல்லக் கூடாது. அது அவரே போட்ட நிபந்தனை. தெரிந்தால் அவருடைய கை மறுபடியும் கயிற்றில் பேசிவிடும். அதோடு, ஒன்றும் இல்லாத இடங்களில் வேண்டுமென்றே முளைக்குச்சிகளை அடித்துவைக்கச் சொன்னார்.

முதல் வாரம் ரெக்ஸ் ஒவ்வொரு குச்சியாகப் போய் உட்கார்ந்தது. பிஸ்கட் கிடைக்கவில்லை. குரைத்தது, முறைத்தது, ஒருநாள் குச்சியையே பிடுங்கிக் கடித்தது. பன்னிரண்டாம் நாள் குச்சியைக் கடந்து போய், ஒரு வாழைமரத்தடியில் மூக்கை மண்ணில் வைத்து நின்றது. சேதுபதிக்கு எதுவும் தெரியாது, சாரதாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

அதன்பின் இன்னும் பத்து நாள் பழக்கினார். பிறகு ஒருநாள் காலை, யாரிடமும் உத்தரவு கேட்காமல் ரெக்ஸை அந்த மனைகளுக்குக் கொண்டுபோனார். கயிற்றை அவிழ்த்துவிட்டார். நாய் ஒரு குச்சியையும் சட்டை செய்யவில்லை. நேரே போய், நடராஜன் செங்கல் அடுக்கியிருந்த இடத்தில் முன்னங்காலால் பிறாண்டியது. சேதுபதி ஆட்களைக் கூப்பிட்டுச் செங்கல்லை அகற்றித் தோண்டவைத்தார், அடியில் சுப்பையன் கிடந்தான். கிணற்றைப் பாதி வெட்டியபோது மண் சரிந்திருக்கிறது. பலகை முட்டுக்கூடக் கொடுக்காமல் ஆளை இறக்கியது வெளியே தெரிந்துவிடும் என்று, நடராஜன் அவனோடு சேர்த்தே கிணற்றை மூடி, மேலே செங்கல்லை அடுக்கிவிட்டார். ஒரு மனுஷன் உள்ளே கிடக்க, அதன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஆள்!

நடராஜனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுப்பையனை வெளியே எடுத்துத் துணியால் மூடினார்கள். பாக்கியலட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பாதிச் சந்து வந்தது. சேதுபதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னே போனார்.

"ஒம்புருஷன் ஓடிப்போகலம்மா. இங்கதான் இருந்தாரு. ஆஸ்பத்திரி வண்டி வந்துருக்கு. எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

அவள் துணியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று அவர் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார்.

"ஓடிப்போயிட்டான்னு சொல்ல நாலு பேரு வந்தீங்க அண்ணே. செத்துட்டான்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. அந்த மூணு பேரையும் வரச் சொல்லுங்க. எல்லாரும் கேக்க, அதே சத்தத்துல சொல்லட்டும். அதுவரைக்கும் அவரை யாரும் தொடக் கூடாது."

சொல்லிவிட்டுப் பிணத்தின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். வண்டிக்காரன் இறங்கி வரப் பார்த்தான், சாரதாம்பாள் முறைத்த முறையில் திரும்பிப் போய் ஏறிக்கொண்டான்.

சேதுபதி ரெக்ஸை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, ஜெயபாலனை அழைத்துவர நிலையத்தை நோக்கி ஓடினார்.