முதுகுக்கு ஏற்ற வக்கீல்

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வக்கீலும் கூண்டில் சேர்ந்துதான் நிற்க வேண்டும். சாட்சி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் சிறைக்குப் போவார். ஆகவே, நல்ல வக்கீல் என்றால் நம்மைப் போலவே இருக்கும் வக்கீல். அடிக்கடி உள்ளே போய்வருபவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் எப்போது வெளியே வருவார் என்று வீட்டு வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கும்.

என் தம்பி இசக்கி ஒரு தென்னந்தோப்பில் மோட்டாரைத் திருடியதாக வழக்கு. அன்று இரவு அவன் காய்ச்சலில் என் பக்கத்தில் படுத்து அனத்திக்கொண்டிருந்தான். அதையெல்லாம் எங்கள் நீதிமன்றத்தில் கேட்பதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வக்கீல் பார்க்கக் கிளம்பினேன்.

முதல் வக்கீலைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"மூக்கப் பாருல, அச்சு அசல் இசக்கி மூக்கு. இவரையே வச்சிருவோம்."

"தோப்புக் காவக்காரன் மூக்கயாம்மா பாத்தான்? ஓடுனவன் முதுகத்தான பாத்தான்."

அதன்பின் வக்கீல்களைக் கோட்டைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் கோயில்பிள்ளை வக்கீல் கிடைத்தார். இடது தோள் சற்று இறங்கிய முதுகு. எங்கள் அப்பாவுக்கும் அதே இறக்கம்தான். அம்மா அந்த முதுகைப் பார்த்துக் கும்பிட்டாள்.

விசாரணையன்று நீதிபதி இருவரையும் திரும்பி நிற்கச் சொன்னார். தோப்புக் காவல்காரர் மாசானம் இரண்டு முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்வரிசையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. முன்வரிசையில் இருந்த நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கத் திரும்பினேன்.

"இதாங்கய்யா அந்த முதுகு" என்றார் மாசானம்.

நீதிபதி தலையசைத்தார். தம்பியும் கோயில்பிள்ளையும் கூண்டிலிருந்து இறங்கினார்கள். என்னைக் கொண்டுபோகும்போது வக்கீல் கூடவே நடந்துவந்தார்.

"நா முதுக நல்லாத்தான் வச்சிருந்தேன் தம்பி. என்ன இருந்தாலும் குடும்ப முதுகு போல வராது."

அப்பீலுக்கு எனக்கேற்ற முதுகுள்ள வக்கீல் இந்த ஜில்லாவில் கிடைக்கவில்லை. இசக்கியின் முதுகு மட்டுமே பொருந்துகிறது. அவன் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். படித்து முடிக்கும்வரை என் முதுகு மாறிவிடக் கூடாது. அதைச் சரிபார்க்க அம்மா மனு போட்டுவிட்டுச் சிறைக்கு வருவாள். நான் கம்பிக்கு முதுகைக் காட்டி நிற்பேன். அவள் அழுகிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

போன வாரம் பொறுக்க முடியாமல் திரும்பிவிட்டேன். அம்மா இளைத்திருந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதிய தம்பி. எம்மவன்னு நெனச்சு நின்னுட்டேன்" என்று சொல்லி அடுத்த கம்பிக்கு நகர்ந்தாள்.

நான் மறுபடி சுவரைப் பார்த்து நின்றேன். அம்மா திரும்பி வந்தாள்.

"சாப்ட்டியாய்யா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்று சுவரிடம் சொன்னேன்.