அன்னம் நின்ற நாற்பது நொடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. நான் கூலிக்கு எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் பொய்யாகிப்போனதில் பிறந்தது.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், வயலை ஒட்டி, ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது (இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்). தினமும் மாலை ஏழேகாலுக்கு அங்கே ஒளி ஊர்வலம். ஏழு வண்டிகள், பத்தாயிரம் பல்புகள், இருபத்திரண்டு நிமிடம். பதிவு செய்த ஒரு குரல் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வண்டியையும் வர்ணித்துக்கொண்டே வரும். அந்த வர்ணனை என்னுடையது. மூன்றாவது வண்டிக்கு இப்படி எழுதியிருந்தேன்: "இதோ, எங்கும் நில்லாமல் மிதந்து செல்கிறது நம் வெள்ளை அன்னம்!"

பொங்கலுக்கு மறுநாள் இந்த வாக்கியம் முழங்கியபோது வெள்ளை அன்னம் ஆணி அடித்தாற்போல் நின்றுகொண்டிருந்தது. நாற்பது நொடி. என் எழுத்து பொய்யாவது புதிதல்ல, ஆனால் அத்தனை ஜனத்துக்கு முன்னால் ஆனதில்லை. கூட்டத்தில் நின்ற எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. மூலக்குளத்தில் வீடு திரும்பி பைக்கை நிறுத்துவதற்குள் அது ஆவலாக மாறிவிட்டது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"பத்தாயிரம் விளக்குகளும் ஒரே நேரத்தில் கண் விழித்தபோது..." அடித்துவிட்டேன். விளக்கைப் பற்றிய என் சரக்கெல்லாம் வர்ணனையிலேயே தீர்ந்துவிட்டது.

"ஆரோக்கியசெல்விக்கு அந்த அன்னத்தைக் கண்டாலே ஆகாது, ஏனென்றால்..." அன்று அந்த வண்டியை ஓட்டியவள் அவள்தான்; இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "இன்னா சார் இது, நல்ல வண்டியாச்சே! உள்ள கொஞ்சம் வேகும், அவ்ளோதான்" என்றாள். அதோடு அதுவும் போயிற்று.

மூன்றாவது தேறும் என்று நினைக்கிறேன். பாருங்கள்.

3

ஆரோக்கியசெல்வி அன்னத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் இருக்கை அங்கேதான். அன்னத்தின் கழுத்துக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வலைச் சன்னல். அவளுக்குப் பாதை தெரிவது அது வழியாகத்தான். வெளியே இருப்பவர்களுக்கு அவள் தெரிய மாட்டாள்.

வயது நாற்பத்தொன்று. அபிஷேகப்பாக்கம் பக்கம் பதினோரு வருடம் டிராக்டர் ஓட்டியவள். பூங்காவில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. அன்றைக்கு முதலாளி நேரில் வந்து பார்க்கிறார், ஊர்வலம் பிசகில்லாமல் முடிந்தால் அவள் வேலை நிரந்தரம். ஊர்வலத்துக்குப் பொறுப்பான பிரேம், அவள் உள்ளே ஏறுமுன் சொல்லியிருந்தான்:

"அக்கா, கயிறு கட்டியிருக்கு, யாரும் குறுக்க வர மாட்டாங்க. பிரேக்க மட்டும் தொட்டுடாதீங்க. பின்னாடி நாலு வண்டி வருது. பாட்டு யாருக்காவும் நிக்காது."

"தெரியும்பா. டிராக்டர் ஓட்னவளுக்கு இது இன்னா பெரிய வண்டியா?"

சொன்னபடியே ஓட்டினாள். நீரூற்றைத் தாண்டி, ராட்டினத்தைச் சுற்றி, பாப்கார்ன் கடை வளைவில் முன்சக்கரத்தை ஒடிக்காமல் அகலமாக வாங்கித் திருப்பினாள். அன்றைக்குச் சுற்றுவட்டாரக் கொம்யூன் பஞ்சாயத்து மக்களுக்கு இலவச அனுமதி என்பதால் கூட்டம் நெரிந்தது. எல்லாக் கைகளிலும் செல்போன். அதற்கு நடுவில் ஒரு கை, வெள்ளையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே உயர்ந்தது.

எரியாத மெழுகுவர்த்தி.

அவள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

(இங்கே ஒரு நிமிடம். "அவள் மிதித்தாள்" என்று எழுதி, திருத்தி, "கால் மிதித்துவிட்டது" என்று வைத்திருக்கிறேன். அவளைக் காப்பாற்ற நான் செய்யும் தந்திரம் என்று நினைத்தால், அடுத்த பத்தியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.)

அவர்கள் ஊரில் ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. தேரை டிராக்டரில் பூட்டித் தெருத் தெருவாக இழுத்துப்போவார்கள். எந்த வாசலில் மெழுகுவர்த்தி உயர்கிறதோ அங்கே தேர் நிற்க வேண்டும். அந்த வீட்டார் மாலை போட்டு, உப்பும் மிளகும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் நகரும். பதினோரு வருடம் அந்த டிராக்டரை ஓட்டியவள் ஆரோக்கியசெல்விதான். மெழுகுவர்த்தி உயர்ந்தால் நிறுத்துவது அவள் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை.

போன ஜூனில் பூங்காவில் லீவு கிடைக்கவில்லை. வேறொருவர் ஓட்டினார். அவள் வீடு இருக்கும் சந்து ஒடுக்கமானது, அதில் தேரைத் திருப்ப அவருக்குக் கைவரவில்லை. நேராகப் பெரிய தெரு வழியே கோயிலுக்குப் போய்விட்டார். தேர் சந்துக்குள் திரும்பியதும் கொளுத்தலாம் என்று புது மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்ற மாமியார் காசம்மாள், நின்றது நின்றபடியே இருந்துவிட்டு உள்ளே போனாள்.

"சாமி தேர வுட்டுட்டு பொம்ம ஓட்டப் போனாளே, அதான் சாமி எம் வூட்டுக்கு வரல."

அதற்கப்புறம் மருமகளிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஏழு மாதம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. செல்வியின் கணவன் ஜெயசீலனுக்குத் திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஷிப்டு வேலை. இருக்கும் நேரத்தில் இருவருக்கும் நடுவே தபால்காரனாக இருந்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, செல்வி அந்த ஏழு மாதமும் உள்ளுக்குள் புழுங்கித்தான் போனாள்.

பிரேக் பிடித்த பிறகுதான் அந்தக் கை யாருடையது என்று பார்த்தாள்.

4

இப்போது காசம்மாள் பேச வேண்டும். ஏழு மாதத்துக்குப் பிறகு வரும் முதல் வார்த்தை. என்னைப் போன்றவனுக்கு வாகான இடம், விடுவேனா?

முதல் பிரதி: "மன்னிச்சுடுடி, எங்கண்ணு தொறந்துடுச்சி." (என் கண்ணும் திறந்தது. அடித்தேன்.)

இரண்டாம் பிரதி: காசம்மாள் ஒன்றும் பேசாமல், கண்கள் மட்டும்... (வேண்டாம்.)

அவள் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அன்னப் பொம்மைக்கு மெழுகுவர்த்தி தூக்கும் ஒரு பெண்மணியை வாசகர் நம்புவாரா? உள்ளே மருமகள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? செல்வியிடமே கேட்டேன்.

"வளைவுல வண்டி திரும்பனத பாத்திச்சாம் சார். இப்டி அகலமா வாங்கித் திருப்புனா அது எம் மருமவதான்னு தூக்கிடுச்சி. கேட்ல தீப்பெட்டிய புடுங்கிக்கினானுங்க, இல்லாட்டி கொளுத்தியிருக்கும்."

"என்ன சொன்னாங்க?"

"கயித்துக்குக் கீழ குனிஞ்சி வந்து, அன்னத்து றெக்கய தொட்டு முத்திட்டு, சிலுவ போட்டுக்கிச்சி. அப்றம் சன்னலாண்ட வாய வெச்சி, 'தண்ணி குடிச்சியாடி?'ன்னிச்சி."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். நான் 'இல்ல அத்த'ன்னேன். இடுப்புல சொருவியிருந்த பாட்டில வலைக்குக் கீழ இருக்கிற சந்துல நீட்டிச்சி. குடிச்சேன்."

என் இரண்டு பிரதிகளையும் கிழித்துப் போட்டேன். அதைவிட நல்ல வசனம் எனக்கு வராது.

(நாற்பது நொடியும் இதற்கே சரியாகப் போயிற்று. பின்னால் வந்த யானை வண்டியின் தும்பிக்கை அன்னத்தின் வாலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நடனப் பெண்கள் இடத்தைவிட்டு நகராமல் ஆடினார்கள். ஒலிபெருக்கியில் என் வாக்கியம் நில்லாமல் மிதந்தது. ஜனம் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.)

5

அன்னம் நின்ற மறுநாள் காலை பிரேம் போன் செய்தான்.

"சார், முதலாளி செம காண்டுல இருக்காரு. ஆனா ஜனம் கைதட்டுனதையும் பாத்துட்டாரு. நீங்க மனசு வெச்சா அக்கா தப்பிக்கலாம்."

"நான் என்னப்பா செய்ய முடியும்?"

"வர்ணனையில அந்த எடத்துல வண்டி நிக்கும்னு எழுதிக் குடுத்துடுங்க. ஸ்கிரிப்ட்ல இருந்தா அது தப்பு இல்லையே."

இத்தனை வருடம் எழுதியதில் ஒரு வாக்கியத்தால் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே பெருமையோடு செல்வியை அழைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எழுதிட்டா தெனம் அங்க நிறுத்தணுமே சார்? ஆளே இல்லாத எடத்துல எதுக்கு நிறுத்தறது?"

"உங்க அத்தையை வரச் சொல்லுங்களேன்."

"வராது. மறுக்கா வந்து தூக்குனா அது நாடகமாப் பூடும்னுடுச்சி. எனக்கும் அதான் தோணுது. யாராச்சும் நெசமா கூப்ட்டா நிறுத்தறேன். சும்மா நிறுத்த எங்காலு வராது."

வேலை போய்விடும் நிலையில் இருப்பவள் பேசுகிற பேச்சா இது? கோபம்தான் வந்தது. போனை வைத்த பிறகு, அவள் கேட்டது பொய்யில்லாத ஒரு வாக்கியத்தைத்தான் என்று புரிந்தது. என் பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதி அனுப்பினேன்:

"இதோ வருகிறது நம் வெள்ளை அன்னம். நீங்கள் கையை உயர்த்தினால் நிற்கும்."

6

முதலாளி ஒரே ஒரு நாள் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். யாராவது கை உயர்த்தி அன்னம் நின்றால், அது நிகழ்ச்சியில் சேர்ந்தது, செல்வியின் வேலை நிரந்தரம். ஒருவரும் உயர்த்தாவிட்டால், பொங்கலுக்கு மறுநாள் நடந்தது ஓட்டுநர் பிழை.

அந்த ஒரு நாள் நாளைக்கு. முடிவை நானே எழுதிவிடலாம், எனக்கு அதற்குக் கை கூசாது. இரண்டு முடிவுகள் தயாராகவும் இருக்கின்றன. ஆனால் எழுதியவன் கை கணக்கில் வராது என்று பிரேம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஆகவே நீங்கள்தான் வர வேண்டும். ஏழேகாலுக்கு ஊர்வலம் கிளம்பும். பாப்கார்ன் கடைக்கு இடப்பக்கம், வளைவு முடியும் இடத்தில் நில்லுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், வெறுங்கை போதும். மூன்றாவது வண்டி. வளைவில் அகலமாக வாங்கித் திரும்பும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

வரும்போது தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்து வாருங்கள். உள்ளே வேகும்.