வானத்தில் ஒரு கீறல்

விண்வெளி மையத்தின் மேல்மாடியில் ஊரே திரண்டிருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஆய்வு வண்டி இறங்கப் போகிறதென்றால் சும்மாவா? கேமராக்காரர்களும் அமைச்சரும் பூங்கொத்துகளும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் விஞ்ஞானிகள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். கீழ்த்தளத்தில், ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்கும் அறையில், அவள் தன் சுற்றுக்கலமே கதியென்று உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கலம் பல வருடங்களாகச் செவ்வாயைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கிருந்து காற்று எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போகிறது என்று அளந்துகொண்டிருக்கிறது. படமெல்லாம் எடுக்காது, கோடு கோடாக ஏதோ அனுப்பும். அதை யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஆனால் இறங்குகிற வண்டி எடுக்கும் படங்களை வாங்கிப் பூமிக்கு அனுப்பும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள். மேல்மாடியில் அதற்குத் 'தபால்காரர்' என்று பெயர். அவள், 'தபாலக்கா'.

அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். லாரி ஓட்டி அவளைப் படிக்கவைத்த அப்பா, செவ்வாய் என்று செய்தி வந்தாலே டிவி முன் உட்கார்ந்து அவளைத் தேடுவார். ஒரே ஒரு தடவையாவது தன் வேலை அவர் கண்ணில் பட்டுவிடாதா என்று ஏங்கினாள். வேறு புகழ் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வண்டி நல்லபடியாக இறங்கியது. மறுநாள் அது எடுத்த அந்தி வானத்தின் படம் அவளுடைய கலம் வழியாகவே வந்து சேர்ந்தது. மங்கிய வானத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. நேரத்தைச் சரிபார்த்தாள், நம்பிக்கை வராமல் மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை, அந்த நேரத்தில் அந்த வானத்தில் வெயில் பட்டு மின்னியபடி கோடு இழுத்துப் போனது அவளுடைய கலம்தான். இன்றைக்கு அப்பா பார்த்துவிடுவார்.

சாயங்காலச் செய்தியில் படம் வந்தது. கோட்டைக் காணோம். அவள் படியேறி மேல்மாடிக்கு ஓடினாள்.

"அந்தக் கோடு எங்க தம்பி?"

படங்களைச் சரிசெய்கிறவனுக்கு வாயெல்லாம் பல். "கேமராவுல தூசுன்னு நெனச்சு எடுத்துட்டேன்க்கா. இப்ப பளிச்சுன்னு இருக்குல்ல?"

"அது என் கலம்."

அவன் முகம் சுருங்கிப்போனது. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நாளைக்கு அசலையும் போடச் சொல்றேன்" என்று கோடு இருந்த அந்த அசல் படத்தை அவள் செல்போனுக்கு அனுப்பினான். நாளைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே வானத்தை இரண்டு நாள் காட்ட டிவிக்குப் பொறுமை ஏது?

வீட்டில் அப்பா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாரையும் காட்டினாங்கம்மா. டீ கொடுத்தவரைக்கூடக் காட்டினாங்க. உன்னைத்தான் காணோம்."

அவள் அந்தப் படத்தைத் திறந்து செல்போனை நீட்டினாள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சட்டை நுனியால் திரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கீறல் விழுந்திருக்கும்மா. பத்திரமா வெச்சுக்கக் கூடாதா?"

"துடைக்காதீங்கப்பா." அவள் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "அது கீறல் இல்ல. அதுதான் நான்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. செல்போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

"இதுல எந்தப் பக்கமா போறே?" என்று கேட்டார்.