சுவருக்குப் பின்னால் கால்மணி நேரம்

புத்தகத்தை அறுக்க ரொட்டிக்கத்திதான் சரி என்று கண்டுபிடித்தவள் கின்கா. பல் வைத்த கத்தி முதுகுப் பசையில் சிக்காமல் இறங்கும்; பேனாக்கத்தி தாளைக் கிழித்துவிடும். மாவு ஆலை நடத்தும் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லும் அந்தத் தடித்த நாவலை, தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளைத் தொட்டபடி ஓடும் தன் டிராலிபஸ்ஸின் முதல் இருக்கையில் கவிழ்த்து வைத்து நெவேனா அறுத்தாள். அதே தடத்தில் அடுத்த வண்டியை ஓட்டும் கின்கா இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். கடைசி நூல் அறுந்ததும் புத்தகம் இரண்டாக விழுந்தது. வெளியே புகைபிடித்துக்கொண்டிருந்த சக ஓட்டுநன் ம்ளாதென் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, அது புத்தகமா வெள்ளரிக்காயா? எனக்கும் ஒரு துண்டு உப்புப் போட்டுக் குடுங்க" என்றான்.

ஓட்டுநரின் பையில் சாப்பாட்டு டப்பா, காப்பிக் குடுவை, கனத்த கையுறை எல்லாம் இருக்க வேண்டும். முழு நாவலுக்கு அதில் இடமில்லை. அறுத்தால் ஒரே புத்தகத்தை இருவரும் ஒரே சமயத்தில் படிக்கலாம் என்பது இன்னொரு வசதி. கின்கா வேகமாகப் படிப்பவள் என்பதால் முதல் பாதி முதலில் அவளுக்குப் போகும். அவள் முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதிக்குள் நுழைவாள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கதையில் முன்னால் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது.

ஒன்பதாம் எண் தடம் முடிகிற இடத்தில் முன்பு மின்மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஷிப்ட் மாறும்போது அதன் வாசலில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து ஏறுவார்கள். அதற்காகவே அந்தக் காலத்தில் கால அட்டவணையில் கால்மணி நேரம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கூரையைப் பிரித்து இரும்புக்கு விற்றாயிற்று, வாசலில் காட்டு அத்தி முளைத்திருக்கிறது. ஆனால் அட்டவணையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வருடாவருடம் பழையதைப் பார்த்துப் புதியதை எழுதினார்கள். யாரும் ஏறாத வாசலில் அந்தக் கால்மணி நேரம் அப்படியே கிடந்தது. தடத்தில் ஓட்டிய ஐந்து பேரும் அதைப் பற்றி வெளியே பேசியதில்லை. ஒருவர் தூங்கினார், ஒருவர் சூரியகாந்தி விதை கொறித்தார், ம்ளாதென் கைப்பேசியில் சதுரங்கம் ஆடினான்.

பிறகு வண்டிகளில் இடம் காட்டும் கருவியைப் பொருத்தினார்கள். அதையும் சமாளித்தார்கள். கடைசிப் பயணியை இறக்கும் நிறுத்தத்துக்கும் புதிதாக ஏற்றும் நிறுத்தத்துக்கும் நடுவே, தொழிற்சாலைச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு வளைவு போகிறது. ஏற்றும் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் வண்டி வந்து சேர்ந்ததாகக் கருவி கணக்கு வைக்கும். அதுவரை அலுவலகத் திரையில் வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டும். ஆகவே எல்லோரும் சுவருக்குப் பின்னால், லிண்டன் மரத்தடியில் நிறுத்தினார்கள். வளைவில் ஒரே ஒரு ஜோடி கம்பி. ஒரு டிராலிபஸ் இன்னொன்றைத் தாண்ட முடியாது, பின்னால் வருவது பின்னாலேயே நிற்கும். நெவேனாவின் வண்டிக்கு அடுத்தது கின்காவின் வண்டி. அவள் வந்து முட்டுகிற மாதிரி நிறுத்திவிட்டு, இறங்கி வந்து இதில் ஏறிக்கொள்வாள். இருவரும் எதிரெதிர் இருக்கையில் காலை நீட்டிப் படிப்பார்கள். மற்றவர்கள் அந்த இடத்தைச் சுவத்துப்பக்கம் என்றார்கள். இவர்கள் இருவரும் மட்டும் தங்களுக்குள் வாசிகசாலை என்று சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் வாசிகசாலை உள்ள நாட்டில், சக்கரம் வைத்தது இது ஒன்றுதான் என்று கின்கா சிரிப்பாள்.

நெவேனாவுக்கு அது சிரிப்பு மட்டும் அல்ல. வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மகளும் மருமகனும் குழந்தையும், இன்னொன்றில் அவளும் கணவனும் தொலைக்காட்சியும். கணவன் கெட்டவன் இல்லை. அவள் புத்தகத்தைத் திறந்தால் உடம்புக்கு என்னமோ என்று நினைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கேட்பான். கழிவறையில் படித்துப் பார்த்தாள், மருமகன் கதவைத் தட்டினான். சுவருக்குப் பின்னால் கிடைத்த அந்தத் துண்டு துண்டான நேரத்தில்தான் அவள் படித்தாள். பதினோரு வருடமாக அப்படித்தான். குளிர்காலத்தில் கால் சூடேற்றியை முழுதாகத் திருப்பிவிட்டும், வெயில் காலத்தில் கதவுகளைத் திறந்துபோட்டும். படித்த நாளில் வண்டியைப் பொறுமையாக ஓட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியும். கிழவர்கள் ஏறி உட்காரும்வரை கதவை மூடமாட்டாள்.

சென்ற வசந்தத்தில் கின்காவின் முழங்கால் கெட்டுப்போனது. நாள் முழுக்க மிதியை மிதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பணிமனை அவளை அட்டவணைப் பிரிவில் உட்கார வைத்தது. மேசை, ஜன்னல், ஜன்னலில் ஒரு தொட்டிச்செடி. வெள்ளிக்கிழமைகளில் பணிமனை உணவகத்தில் புத்தகப் பாதிகளை மாற்றிக்கொண்டார்கள். மாவு ஆலைக் கதையின் இரண்டாம் பாதி அப்போது கின்காவிடம் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒன்பதாம் தடத்து ஓட்டுநர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தலைநகரிலிருந்து வந்திருந்த த்ரென்ஸ்கி என்ற இளம் பொறியாளர் பேசினார். மரியாதையான மனிதர், வண்ணப் படங்கள் காட்டினார். தடத்தில் வீணாகும் நேரத்தைக் கண்டுபிடித்திருப்பதாகவும், இனி ஐந்துக்குப் பதில் நான்கு வண்டிகளே போதும் என்றும், யாரையும் வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை, வேறு தடங்களுக்கு மாற்றுவோம் என்றும் சொன்னார். தொழிற்சாலை முனையில் இனி திரும்புகிற நேரம் மட்டும்தான். ம்ளாதென் எழுந்து, அந்த வளைவில் ரோடு மோசம், மெதுவாகத்தான் வர முடியும், கருவியிலேயே தெரியுமே என்று ஆரம்பித்தான். த்ரென்ஸ்கி புன்னகைத்தார்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. மரத்தடியில நிக்கிறதால லேட்டாகுது. தப்பா எடுத்துக்காதீங்க, யார் மேலயும் நடவடிக்கை இல்ல. ஆனா வாசிகசாலையை இனிமே மூடிடலாம்."

சிலர் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக நெவேனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் புத்தகத்தோடு திரிகிறவள் அவள்தானே. நெவேனா த்ரென்ஸ்கியின் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிர் நிறத் தோல், ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை. சுவருக்குப் பின்னால் போனவனுடைய காலணி அல்ல அது. அங்கே வருடம் முழுக்கச் சேறு. வாசிகசாலை என்ற சொல் அவனிடம் தானாக நடந்து வரவில்லை, யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொடுக்கக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் ம்ளாதென் சிகரெட்டைப் பற்றவைத்தான். அவனைத்தான் இரண்டாம் தடத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஊரின் மறுகோடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"படிச்சது நீங்க, ஃபெயிலானது நாங்க. நல்லா இருக்குக்கா."

நெவேனா திரும்பி அலுவலகக் கட்டடத்துக்குள் நடந்தாள். நான் இல்லை என்று சொன்னால், பிறகு யார் என்று கேட்பார்கள்.

அட்டவணைப் பிரிவு இரண்டாவது மாடியில். கின்கா அவளைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினாள். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. மேசையில் காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டி அடுக்குரொட்டி இருந்தது. இன்னும் சூடு, நெய் காகிதத்தில் ஊறியிருந்தது. சாப்பிடு என்று தள்ளிவைத்தாள். நெவேனா நின்றபடியே கேட்டாள்.

"அவன்கிட்ட நீதான் சொன்னியா?"

கின்கா மறுக்கவில்லை. த்ரென்ஸ்கி வந்த முதல் வாரத்திலேயே, நீங்கள் அந்தத் தடத்தில் ஓட்டியவர், நேரம் எங்கே போகிறது என்று கேட்டானாம். தெரியாது என்று இரண்டு முறை சொன்னாளாம். மூன்றாவது முறை கேட்டபோது அவளுக்கு ஒன்று தோன்றியதாம். அவனே கண்டுபிடித்தால் தண்டனை வரும், தான் சொன்னால் பேசி வாங்கலாம். யார் மேலும் நடவடிக்கை கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் சொன்னாளாம். அவள் சொன்னதில் பொய் இருப்பதாக நெவேனாவுக்குத் தோன்றவில்லை. எல்லாம் நியாயமாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்? இந்த நாற்காலியும் போச்சுன்னா?"

"சரி. நேரத்தச் சொன்ன. அந்தப் பேர ஏன்டி சொன்ன?"

கின்கா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. செடியின் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினாள். சும்மா பேச்சுவாக்கில், என்றாள். கதை மாதிரிச் சொன்னேன், சிரித்தான், அவனும் படிக்கிறவன்தான், கெட்ட பையன் இல்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் நெவேனாவின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரலாம், பால்கனியில் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். இழுப்பறையைத் திறந்து நாவலின் இரண்டாம் பாதியை எடுத்தாள்.

"இந்தா, முடிச்சிட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி. பயப்படாம படி, பெரியவன் சாகமாட்டான், திரும்பி வந்துடுவான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கை நீட்டியபடி நின்றது. நாவலில் வரும் மூத்த மகன், அந்தப் பெரியவனுக்காக நெவேனா நானூறு பக்கமாகப் பயந்துகொண்டிருந்தாள். தண்டவாளத்தின் மேல் பனியில் நடந்து போனவனை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வண்டியை எடுத்த நாளில், ஊர் முழுக்க அவனைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். இப்போது அவன் பிழைத்துவிட்டான். அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ரொட்டியையும் தொடாமல் புத்தகத்தையும் வாங்காமல் கீழே இறங்கினாள்.

செப்டம்பரில் புதிய அட்டவணை வந்தது. நான்கு வண்டிகள், ஓயாத ஓட்டம். சுவரைச் சுற்றி வரும்போது லிண்டன் மரத்தை இரண்டு மூச்சுக்குள் கடந்துவிடுவாள். வேறொரு மெல்லிய புத்தகத்தை அறுக்காமலேயே கொண்டுவந்து பார்த்தாள். சிவப்பு விளக்கில் திறந்தாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் பின்னாலிருந்து ஹார்ன். வீட்டில் ஒருநாள் சமையலறையில் நின்றபடி படித்தாள். அடுப்பில் மிளகாய் கருகும் வாடை வருகிறது என்று கணவன் ஓடிவந்தான், உண்மையிலேயே கருகியிருந்தது. மகள், கொஞ்ச நாளைக்கு விடும்மா, பிள்ளை பெரியவன் ஆகட்டும் என்றாள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். கின்கா இரண்டு வெள்ளிக்கிழமை உணவகத்தில் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டாள். நெவேனா அங்கே போகாமல் தன் காப்பியை வண்டியிலேயே குடித்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு மாலை, டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பணிமனை நிறுத்தத்தில் கின்கா ஏறினாள். முழங்காலில் கட்டு, கையில் குடை. ஓட்டுநர் அறைக்கு அருகே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்லப்போகிறவள் போல நின்றாள். நெவேனா கதவை மூடும் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடியில் கின்கா மெல்ல நகர்ந்து பின்னால் போய் உட்காருவது தெரிந்தது.

சந்தை முக்கில் கம்பிகள் பிரியும் இடத்தில் வண்டி குலுங்கியது. மேலே படபடவென்று பொறி பறந்தது. கூரையிலிருந்து நீண்டு மின்சாரம் வாங்கும் இரண்டு கொம்புகளும் கம்பியிலிருந்து நழுவிவிட்டன. உள்ளே விளக்கு அணைந்தது. யாரோ அலுத்துக்கொண்டார்கள். நெவேனா கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். கொம்புக்கு ஒரு கயிறு என்று இரண்டு கயிறு. ஒரு ஆள் ஒவ்வொன்றாக இழுத்து, கம்பிக்கு நேரே கொண்டுவந்து தளர்த்தினால் கொம்பு தானே எழும்பிப் பொருந்திக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் நொடியில் முடிந்துவிடும்.

பின்கதவைக் கையால் தள்ளிக்கொண்டு கின்கா இறங்கினாள். குடையை விரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, பழகிய கையை வலப்பக்கக் கயிற்றை நோக்கி நீட்டினாள்.

நெவேனா அந்தக் கயிற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பயணிங்க யாரும் கீழ இறங்கக் கூடாதுங்க. உள்ள போய் உக்காருங்க."

கின்கா அவளைப் பார்த்தாள். மழை அவள் முடியை நெற்றியோடு ஒட்டவைத்திருந்தது. பிறகு திரும்பி, கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்துப் படியேறினாள்.

நெவேனா இடப்பக்கக் கொம்பைக் கம்பியில் பொருத்தினாள். வலப்பக்கக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. இருட்டு வண்டிக்குள் முகங்கள் கண்ணாடியோடு ஒட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே கொம்பு கம்பியைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கையுறைக்குள் வழிந்து முழங்கைவரை இறங்கியது. அவள் இன்னும் கயிற்றைத் தளர்த்தவில்லை.