முதல் பக்கத்தில் ஒரு பொட்டு

திங்கட்கிழமை காலை, திரும்பி வந்த புத்தகங்கள் விழும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது சந்தன வாசம் வந்தது. பள்ளிக்கூட நூலகத்துப் பெட்டிக்குள் வாழைப்பழத் தோல் வந்திருக்கிறது, பாதி கடித்த சான்ட்விச் வந்திருக்கிறது, ஒருமுறை ஈரமான ஒற்றைக் காலுறைகூட வந்திருக்கிறது. சந்தனம் வந்ததில்லை. தவளைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தின் மேல் மூலையில், பள்ளி முத்திரைக்குப் பக்கத்தில், அளவாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இட்டிருந்தது. அடுத்த புத்தகத்திலும் அதே இடத்தில் அதே பொட்டு. நாலு புத்தகம், நாலு பொட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் மிஸஸ் கார்மொடியின் செருமல் கேட்டதும் அது வந்த வழியே போய்விட்டது.

மிஸஸ் கார்மொடி எங்கள் நூலகர். நான் அவருக்குக் கீழே உதவியாளர். நான் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மெரிலேண்ட்ஸிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய அந்தப் பள்ளிக்கூடத்தில், தொண்ணூற்றாறாம் ஆண்டில், எனக்கு மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அங்கே என் பெயர் யோகா. யோகராணியில் இருந்த ராணியை முதல் நாளே கழற்றி வைத்துவிட்டார்கள். மிஸஸ் கார்மொடி புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். இது ரத்தமா, நகப்பூச்சா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, இது என்னவென்று உனக்குத் தெரியுமா யோகா என்றார். தெரியாது என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மழை கொட்டிய ஒரு மதியம், இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் பின்னறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்தேன். சாப்பாடு கூடாது என்பது கதவில் ஒட்டியிருந்த பதினான்கு விதிகளில் இரண்டாவது. வேறொரு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, யோகா தன் ஆட்களுக்கு ஒரு தனிச் சட்டம் வைத்திருக்கிறாள் என்று மேலே சொல்லிவிட்டார். மிஸஸ் கார்மொடி என்னைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தாமல், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்றார். அவ்வளவுதான். ஆனால் என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டால் முகத்தை மரப்பலகை மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினேன். அன்ரி என்று வந்த பிள்ளைகளிடம் மிஸ் என்று சொல்லச் சொன்னேன். அவர்களும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தூரப் போய்விட்டார்கள்.

அந்த நாலு புத்தகமும் நிரோஜினி கொண்டுபோனவை. ஒன்பதாம் வகுப்பு. ஊரைவிட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மதிய இடைவேளை முழுக்க ஜன்னலோரத்து மேசையில் இருப்பாள். யாரோடும் பேசமாட்டாள். நாலு புத்தகம்தான் ஒரு தடவைக்குக் கொடுக்கலாம், நாலையும் எடுப்பாள். முந்தைய வெள்ளிக்கிழமை அவை திரும்பி வரவேண்டிய நாள். நூலகப் பாடவேளையில், எங்கே என்று மிஸஸ் கார்மொடி கேட்டபோது, எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, அவளிடம் அப்போதிருந்த ஆங்கிலத்தில், "புத்தகங்கள் இன்றைக்கு வர முடியாது மிஸ், அவை கும்பிட்டுக்கொண்டிருக்கின்றன" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. மிஸஸ் கார்மொடிக்கு அது வாய்க்கொழுப்பாகப் பட்டது. ஒழுங்கீனச் சீட்டு எழுதினார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று அட்லஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்று அந்த அறையில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், நவராத்திரியின் கடைசி நாட்கள் அவை என்பது. பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக்கூடாது. என் வீட்டிலும் வைத்திருந்தேன், சொந்தமாக வாங்கிய மூன்று புத்தகங்கள். அவள் ஒருமுறை அலமாரிப் பக்கம் பார்த்தாள். நான் அட்லஸைப் பார்த்தேன்.

ஏழு நாளுக்குள் இரண்டு சீட்டு விழுந்தால் பள்ளித் தவணை முடியும்வரை நூலகத்துக்குள் வரக்கூடாது, இரவலும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சீட்டு ஒன்று. புத்தகத்தை அசுத்தப்படுத்தினால் இன்னொன்று. இரண்டாவது சீட்டை மிஸஸ் கார்மொடி எழுதி, கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. தாயை அழைத்துப் பேசிவிட்டுத்தான் போடுவது என்பது அவருடைய வழக்கம். தாய்க்கு ஆங்கிலம் வராது, புதன்கிழமை நீ மொழிபெயர்ப்பாயா என்று என்னிடம் கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. தெரியாது என்ற ஒரு சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது?

புதன்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிரோஜினியின் தாய் பவளம் வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் காலை வேலையை முடித்துவிட்டு அப்படியே சீருடையோடு வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். நிரோஜினி பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். நூலக வாசலை ஒட்டியிருந்த சிறிய கண்ணாடி அறையில் மேசைமேல் நாலு புத்தகங்களும் திறந்திருந்தன. மிஸஸ் கார்மொடி நிதானமாகக் கேட்டதை எல்லாம் நான் தமிழில் சொன்னேன். பவளம் புத்தகங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு, இதுதான் குற்றம் என்று விளங்கியதும், இல்லாத முந்தானையைத் தேடுகிறவர் போலச் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை ஒண்டும் செய்யேல்லை அக்கா. நான்தான் வச்சனான். வீட்டில வேற புத்தகம் இல்லை. இருந்ததெல்லாம் ஓடி வரேக்க விட்டிட்டு வந்தனாங்கள். சரசுவதிக்கு முன்னால வெறும் பலகையை வைக்கேலுமே? இதுகளைத்தான் அடுக்கி வச்சு, பூ வச்சனான். மட்டையில பிளாஸ்ரிக் உறை போட்டிருக்கு, பொட்டு நிக்கேல்லை. அதுதான் உள்ளுக்க வச்சனான்."

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே, அந்தப் பொட்டுகள் சும்மா அழுக்கு இல்லை என்பது மிஸஸ் கார்மொடிக்கு மெல்ல விளங்கிக்கொண்டு வருவதை அவர் முகத்தில் கண்டேன். பிளாஸ்டிக் உறையில் பொட்டு நிற்கவில்லை என்ற இடத்தில் அவருடைய உதடு கொஞ்சம் அசைந்தது. அந்த உறைகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுகிறவர் அவர்தான். இதோடு முடிந்தது, நான் தப்பினேன் என்று நினைத்தேன். அப்போது பவளம் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"நீங்களும் எங்கட ஆள்தானே அக்கா. இவவுக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"

நிரோஜினி தலையைத் தூக்கினாள். மிஸஸ் கார்மொடி, அவர் கடைசியாக என்ன கேட்டார் என்று என்னிடம் கேட்டார். நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அந்தப் பொய்யைப் பிடிக்கக்கூடிய ஆள் ஒரே ஒருத்தி, இரண்டு மொழியும் தெரிந்த நிரோஜினி. அவளோ அன்று தனக்காகக்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு வகுப்பே சிரிக்க எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள், நான் நாற்பத்து மூன்று வயதில் அட்லஸுக்குப் பின்னால் ஒளிந்தேன் என்பதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.

"இது என்னவென்று நான் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கிறார்," என்றேன். "எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். திங்கட்கிழமை உங்களிடம் பொய் சொன்னேன்."

சொன்னதையே தமிழிலும் பவளத்துக்குச் சொன்னேன். அவர் பதறிப்போய், பரவாயில்லை அக்கா, பரவாயில்லை என்று என் கையைப் பிடித்தார். மிஸஸ் கார்மொடி கையெழுத்துப் போடாத சீட்டைக் கையில் எடுத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், திரும்ப மேசையிலேயே வைத்தார். என்னோடு நாளைக்குப் பேசவேண்டும் என்றார். சரி என்றேன். பிறகு பவளத்திடம், தன் குரலை வேண்டுமென்றே மெதுவாக்கி, உங்கள் மகள் எங்கே உட்காருகிறாள் என்று பார்க்க விருப்பமா என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்த்தேன்.

நாங்கள் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தோம். பவளம் அதுவரை புத்தக அலமாரிகள் இருக்கும் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். கூரை வரைக்கும் இருந்த வரிசைகளைக் கண்டதும் அப்படியே நின்றார். குனிந்து, வேலைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்துகளின் நாடாக்களை அவிழ்த்தார். அம்மா, இங்க கழட்டத் தேவையில்லை என்று நிரோஜினி வெட்கத்தில் கிசுகிசுத்தாள். பவளத்துக்கு அது காதில் விழவில்லை. சப்பாத்துகளை வாசலோரம் சோடியாக வைத்துவிட்டு, காலுறையையும் கழற்றி அதற்குள் செருகிவிட்டு, வெறுங்காலோடு கம்பளத்தின்மேல் நடந்தார். வெறுங்காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பதும் அந்தப் பதினான்கில் ஒன்று. நான் மிஸஸ் கார்மொடியைப் பார்க்கத் துணியவில்லை.

மதிய மணி அடித்தது. வழக்கம்போல ஐம்பது அறுபது பிள்ளைகள் நடைபாதையில் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். மிஸஸ் கார்மொடி வாசலுக்குப் போனார். ஒரு கையை நிலையில் குறுக்கே வைத்துத் தடுத்தார். ஏன் மிஸ், ஏன் மிஸ் என்று வெளியே கூச்சல். ஒரு நிமிடம் என்றார். அவருடைய காலுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சப்பாத்துகள் இருந்தன. உள்ளே, மூன்றாவது வரிசையில், பவளம் நடந்துகொண்டிருந்தார், ஒரு புத்தகத்தையும் தொடாமல், அவற்றின் முதுகுகளுக்கு ஒரு விரல் தள்ளிக் கையை நீட்டிக்கொண்டு.