கன்னத்தில் தலையணை மடிப்பு

...சவரம் வேறு செய்துகொண்டு வந்திருக்கிறான், சோப்பு வாசனை பனிமூட்டத்தையும் தாண்டி மூக்கில் ஏறுகிறது, கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் அழியவில்லை, அந்த மடிப்பின் மேலேயே ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று ஷிராணிக்குத் தோன்றியது. கஸ்பர், மேடை கட்டும் கம்பனியின் முதலாளி, ஹோட்டல் மெத்தையில் கிடந்து எழுந்தவன். பதுளையில் மேடை பிரித்து, அதே லொறியில் நுவரெலியா வந்து, இங்கே மேடை கட்டி, இசை நிகழ்ச்சி முடித்து, இப்போது மறுபடி பிரிக்கிறோம், நடுவில் எங்கே தூங்கினோம்? தூங்கினோமா? "சேர், கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறோமே" என்று விடியும்போதே கேட்டாள். "ஹட்டன் போற லொறியில தூங்குங்க. பின்னேரம் அங்க ஷோ இருக்குல்ல" என்றான். லொறியில் பெட்டிகள் சரியாமல் முதுகு கொடுத்து உட்கார வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா... தெரியும், நாய்க்கு எல்லாம் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவே சிரிக்கிறாள், "காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா தொரை வெரட்டுவாருதான், ராத்திரி தூங்க விடுவாருடி" என்று.

கையில் சங்கிலி மோட்டாரின் சுவிட்ச். அழுத்தினால் இரும்புக் கோபுரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்கும், விட்டால் நிற்கும், அவ்வளவுதான் வேலை. கண்ணுக்குள் மணல். மைதானத்தில் பனி. கோபுரத்தடியில் கஸ்பர் நின்று போனில் சிரிக்கிறான், கம்பனியின் கறுப்பு ஜாக்கெட், நமக்குக் கொடுத்ததும் அதுதான், ஆனால் அவனுடையது மட்டும் நனையாத மாதிரி... சிரி, சிரி... பெட்டி இறங்குகிறது, மெதுவாக, எவ்வளவு சுகமாக இறங்குகிறது, மோட்டார் சத்தம் தாலாட்டு மாதிரி, யாரோ...

"ஏய்! நிப்பாட்டு புள்ள!"

விரல் தெறித்தது. பெட்டிகள் அந்தரத்தில் ஆடின. அடியில் மல்லாந்து கிடந்தது நல்லமுத்து அண்ணன், கொக்கி கழற்ற வந்தவர், குதித்து விழுந்ததில் முழங்கை கிழிந்து ரத்தம். கஸ்பர் எப்போதோ அங்கிருந்து போய்விட்டிருந்தான், மேடையோரத்திலிருந்து ஓடி வந்தான், அண்ணனைத் தூக்கவில்லை, பெட்டிகளைத்தான் அண்ணாந்து பார்த்தான். "யோவ், இறங்குற பெட்டிக்கு அடியில யாராவது நிப்பானா?" என்று கத்தினான்.

"அவரு மேல தப்பில்ல சேர். நான் தூங்கிட்டேன்" என்றாள் ஷிராணி. "இனி அழுத்த மாட்டேன். நாங்க தூங்குற வரைக்கும் ஹட்டனுக்கு ஒரு கம்பி போகாது." சுவிட்சை அவன் காலடியில் போட்டாள். மற்றவர்களும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

லொறி ஓரமாகத் தார்ப்பாயை விரித்தார்கள். அண்ணன் முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் சாய்ந்தார். "அழுவாத தங்கச்சி. தூக்கம் வந்தா ஒனக்கு என்ன தெரியும்?" என்றார், சொல்லும்போதே குறட்டை விட்டார். அவளுக்குத்தான் கண் மூடவில்லை. தூக்கம்தானா அது? அடியில் ஒரு கறுப்பு ஜாக்கெட் தெரிந்ததே... கஸ்பர்தான் இன்னும் நிற்கிறான் என்று நினைத்தேனே... நினைத்த பிறகும் விரலை எடுக்கவில்லையே.